பக்கத்தில் ஆள் இருந்தால் அப்பா கார் ஓட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஆரம்பநிலை அல்சைமர் என்கிறார் டொக்டர். சந்தைக்கும் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கும் தானே கார் ஓட்டிப் போகிறார், வழி தவறியதில்லை. லைசன்ஸும் முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் தொடர்ந்து ஓட்டலாம்தானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சொல்லிக்கொடுத்தால்தான் ஓட்ட முடியும் என்றால், நிறுத்த வேண்டிய கட்டம் வந்துவிட்டது. 40 கிலோமீற்றர் வேகத்தில் கார் செக்கனுக்கு 11 மீற்றர் போகும். ஓட்டோ குறுக்கே வெட்டும்போது நீங்கள் கத்தி, அவருக்கு விளங்கி, கால் பிறேக்குக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வழி தவறாததை நம்பாதீர்கள். பழகிய பாதை நெடுநாள் நினைவில் நிற்கும். விபத்தில் கொண்டுபோய் விடுவது மறதியைவிட, கவனம் சிதறுவதும் தூரம், வேகம் பிடிபடாமல் போவதும்தான். காலி வீதியில் வலப்பக்கம் திரும்பும் இடத்தில் கவனியுங்கள். எதிரே வரும் பஸ், அதன் மறைவில் மோட்டார் சைக்கிள், கடவையில் கால் வைத்தவர் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும்.

ஒருநாள், சனம் உள்ள நேரத்தில், முன் சீற்றில் அரைமணி நேரம் இருங்கள். ஆபத்தென்றால் தவிர வாய் திறக்காதீர்கள். பச்சை விளக்கில் நிற்கிறாரா? கண்ணாடி பாராமல் பக்கம் மாறுகிறாரா? பின்னால் ஹோர்ன் அடிப்பது ஏனென்று விளங்குகிறதா? பம்பரில் புதுக் கீறல் உண்டா? பிறேக்கென்று எண்ணி அக்சிலேற்றரை மிதித்தால், ஒருமுறையானாலும், அன்றோடு சரி.

குறையொன்றும் தெரியாவிட்டாலும் டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். கிளினிக்கின் ஞாபகசக்திப் புள்ளி மட்டும் போதாது. வீதியில் ஓட்டிக் காட்டும் சோதனையே நம்பகமானது. தூக்க மாத்திரையும் தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) மாத்திரையும் நிலையை இன்னும் மோசமாக்கும். இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொன்னால் லூயி பொடி (Lewy body) என்ற வேறு வகை மறதிநோயாக இருக்கலாம், உடனே நிறுத்துங்கள். ஓட்ட அனுமதித்தாலும் பகலில், கிட்டிய தூரம் மட்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

லைசன்ஸுக்காக எடுத்த மருத்துவச் சான்றிதழ் அன்றைய உடல்நிலையைத்தான் சொல்லும். நோயைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிறகு பிணக்கு வராது.

நிறுத்தச் சொல்வது டொக்டராக இருக்கட்டும், ஒரு துண்டில் எழுதியும் வாங்குங்கள். நாளை அவர் மறந்து கேட்கும்போது காட்டலாம். திறப்பை ஒளித்தால் வீட்டைக் கிளறுவார், சண்டைதான் மிஞ்சும்; காரையே கண்ணில் படாத இடத்துக்கு அனுப்புவது மேல். பிக்மீ செயலியில் வாடகை வாகனத்தை உங்கள் போனிலிருந்தே அழையுங்கள். அதைவிட, தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை மாதக் கணக்கில் பேசிக் கோயில் நேரத்துக்கு வரச்செய்தால் அப்பா பெரிதாக மறுக்கமாட்டார்.