பெற்றோர் இருவருக்கும் ஓ வகை, குழந்தைக்கு ஏ வகை: தந்தை வேறொருவர் என்று பொருளா?

கணவன், மனைவி இருவருக்கும் ஓ வகை இரத்தம் இருக்க, குழந்தைக்கு ஏ வகை வந்திருப்பதால் தந்தை வேறொருவரோ என்று ஐயுறலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். இரத்த வகையைக் காட்டும் அந்த ஒரு சீட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. முதலில் மூவரின் இரத்த வகையையும் மறுபடி சோதியுங்கள். பதிவில் பிழை நேர்வதுண்டு. தவிர, 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட அரிய பாம்பே வகை இரத்தம் உடையவர், ஏ மரபணுவைச் சுமந்திருந்தாலும் வழக்கமான சோதனையில் ஓ என்றே தெரிவார்; பெற்றோரில் ஒருவர் அப்படி இருந்தால் பிள்ளைக்கு ஏ வகை அமையக்கூடும்.

உறுதியான விடை டிஎன்ஏ சோதனையில்தான் கிடைக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்த செல்களில், டிஎன்ஏவின் ஏறத்தாழ 20 இடங்களில் அதன் சிறு துணுக்குகள் எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும். ஓரிடத்தில் குழந்தைக்கு 12, 15 என்றும் தாய்க்கு 12, 14 என்றும் இருந்தால், அந்த 15 தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒரேயோர் இடம் பொருந்தாமற்போவது திடீர் மரபணு மாற்றத்தாலும் நிகழலாம் என்பதால், பல இடங்கள் பொருந்தாதபோதுதான் அவர் தந்தையல்லர் என்று அறிவிப்பார்கள். ஐயத்துக்குரிய மற்றவர் கணவரின் உடன்பிறந்தவராக இருந்தால், இருவரின் டிஎன்ஏவும் பெரிதும் ஒத்திருக்கும் என்பதால், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.