முகத்தை எடுப்பதா, ஊர்வலத்தை எடுப்பதா?

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

(அமைதிப் பேரணிகளில் மனிதர்களைப் படமெடுப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.)

கேள்வி: போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நான் எடுத்த முகங்களைச் சிலர் “நல்ல போர்ட்ரெய்ட்” என்கிறார்கள், சிலர் “செய்திப் படம்” என்கிறார்கள். இரண்டுக்கும் எல்லை எங்கே இருக்கிறது?

பதில்: 1967-இல், வியட்நாம் போர்க் காலத்தில், அமெரிக்காவில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று நடந்த போர் எதிர்ப்புப் பேரணியில், ராணுவத் தலைமையகமான பென்டகன் முன்னால் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் மார்க் ரிபூ எடுத்தது ஒன்று. 17 வயதுப் பெண் ஒருத்தி முகத்தருகே ஒரு பூவைப் பிடித்திருக்கிறாள். எதிரே துப்பாக்கிகளில் செருகிய கத்தி முனைகள். படம் எடுப்பவர் இருப்பதே அவளுக்கு நினைவில்லை. மற்றது அமெரிக்க ஒளிப்படக்காரர் டயான் ஆர்பஸ் நியூயார்க்கில் எடுத்தது. அது போரை ஆதரித்த ஊர்வலம். வைக்கோல் தொப்பியும் சட்டையில் பேட்ஜுகளுமாக ஓர் இளைஞன் கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறான். ஊர்வலமே படச் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) இல்லை. பேட்ஜுகளும் கையிலுள்ள கொடியும்தான் அவன் எங்கே நிற்கிறான் என்று சொல்கின்றன.

லென்ஸோ தூரமோ எல்லையைத் தீர்மானிப்பதில்லை. அந்த ஆள் உங்களுக்காக நின்றாரா, தன் காரியத்துக்காக நின்றாரா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் நடுவாந்திரமான படம், கோஷத்துக்கும் கோஷத்துக்கும் இடையே அவர் உங்களைக் கவனித்து அரை நொடி பார்க்கும்போது கிடைக்கும். அவர் நிற்கும் இடம் மாறவில்லை, கையிலுள்ள தட்டி இறங்கவில்லை, ஆனால் பார்வை உங்களிடம் வந்துவிட்டது. அப்போது சட்டத்துக்குள் பேரணியின் அடையாளம் ஒன்றாவது இருக்க வேண்டும்: பக்கத்து ஆளின் உயர்ந்த கை, பதாகையின் ஓரம், எதுவானாலும் சரி. அதுவும் இல்லையென்றால் அதை வேறெங்கும் எடுத்திருக்கலாமே.

கேள்வி: என்னிடம் 24–70 ஜூமும் 85 மி.மீ. லென்ஸும் உள்ளன. எதைக் கொண்டு போகட்டும்?

பதில்: ஜூமை 35 மி.மீ.-இல் வைத்து அசையாமல் டேப் ஒட்டிவிட்டுப் போங்கள் என்போம். கணக்கு இது: ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 36 × 24 மி.மீ.) 35 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீட்டரில் நின்று படுக்கைவாட்டில் எடுத்தால், மேலிருந்து கீழாக ஒரு மீட்டரும் இடவலமாக ஒன்றரை மீட்டரும் அடங்கும். இடுப்பு வரை ஆள், இருபுறமும் அண்டை ஆட்களின் தோள், கொஞ்சம் பதாகை. 85-ஐ நிமிர்த்திப் பிடித்து இரண்டரை மீட்டரில் நின்றாலும் ஆள் அதே இடுப்பு வரைதான் வருவார்; ஆனால் அகலம் 70 செ.மீ.தான். தோள்கள் போயின, பதாகை போயிற்று.

85-இன் துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்தால் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) அந்தத் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் 9 அல்லது 10 செ.மீ.தான். கண் துல்லியம், காது மங்கல், பின்னால் கூட்டம் வண்ணக் குழம்பு. பேரணியா, திருவிழாவா, பேருந்து நிறுத்தமா என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் ஆசைப்பட்டு விழும் குழி இது. எஃப் 4-இலோ 5.6-இலோ வையுங்கள்.

நகரும் கூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னால் ஆடும் கொடியைப் பிடித்துக்கொள்ளும். 35-இல் எஃப் 8 வைத்து, கையால் 2.5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால் ஏறக்குறைய 1.7 முதல் 4.8 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக வரும். பிறகு ஃபோகஸை மறந்துவிடலாம். நடப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, கை வீசிக் கோஷமிடுபவர்களுக்கு 1/500. ஒரு மீட்டருக்குள் நெருங்காதீர்கள். மூக்கு பெரிதாகிவிடும், அந்த முகத்தைப் பார்க்கிற யாரும் அவரை மதிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பது சரியா?

பதில்: எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் எல்லோரிடமும் அதே படம் இருக்கிறது. கால் இடறி விழுவதும் அப்படித்தான். முன்வரிசைக்காரர்கள் கேமராவுக்குப் பழகியவர்கள். ஊர்வலத்தின் நடுவில் கலந்து, அவர்கள் வேகத்திலேயே பத்து நிமிடம் நடங்கள். உங்களைக் கவனிப்பதை விட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல நேரம், புறப்படுவதற்கு முந்தைய அரை மணி. தரையில் உட்கார்ந்து தட்டியில் கடைசி எழுத்தை நிரப்புகிறவர், செருப்பு வாரைச் சரிசெய்கிறவர், துணைக்கு வந்து சலித்துப்போன மகன் எல்லோரும் அங்கே கிடைப்பார்கள்.

கேள்வி: அனுமதி கேட்டால் சிரித்து போஸ் கொடுக்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் எனக்கே உறுத்துகிறது. என்ன வழி?

பதில்: இரண்டையும் செய்யுங்கள், வரிசை மட்டும் முக்கியம். கேமராவை மறைக்காமல் மார்பில் தொங்கவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி நில்லுங்கள். அவர் தன் பாட்டில் இருக்கும்போது இரண்டு மூன்று ஃப்ரேம் எடுங்கள். கண் சந்தித்ததும் திருடன்போலச் சட்டென்று கேமராவை இறக்காதீர்கள். தலையசைத்து, கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, புருவத்தால் கேளுங்கள். “வேண்டாம்” என்று கை காட்டினால் எடுத்ததை அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டு நகருங்கள். பேரம் பேசக் கூடாது.

சரி என்றால் பக்கத்தில் போய் ஒரே ஒரு கேள்வி: “இந்தத் தட்டி நீங்களே எழுதினதாங்க?” “சிரிக்காதீங்க” என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள், தட்டியைப் பற்றிக் கேட்டால் முகம் தானாக அமைதியாகும். பேசி முடித்து வாய் மூடிய அடுத்த நொடிதான் உங்களுக்கு வேண்டியது. முதல் இரண்டு ஃப்ரேம் வழக்கமான போஸாகவே வரும், அது பரவாயில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து நான்கு விரல் இறக்குங்கள். முடிந்தது என்று நினைத்து மூச்சுவிடுவார். அப்போது மறுபடி எடுங்கள்.

முக்கியமாக, அவரை வெற்றுச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருந்தால் நீங்கள் இரண்டடி நகருங்கள், அவரை நகர்த்த வேண்டாம். குழந்தை என்றால் கூட வந்திருக்கும் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

கேள்வி: நல்ல தருணம் தவறிவிட்டது. “இன்னொரு முறை கையை உயர்த்துங்கள்” என்று கேட்கலாமா?

பதில்: கூடாது. அமெரிக்கப் பத்திரிகை ஒளிப்படக்காரர்கள் சங்கத்தின் நெறிமுறையே, நிகழ்வை வேண்டுமென்றே மாற்றவோ அதில் தாக்கம் செலுத்தவோ கூடாது என்கிறது. “என்னைப் பாருங்கள்” என்பது போர்ட்ரெய்ட். “மறுபடி கத்துங்கள்” என்பது நாடகம். கோஷம் மறுபடி வரும், காத்திருங்கள்.

கேள்வி: வெள்ளைத் தட்டி பிடித்திருப்பவர்களின் முகம் எப்போதும் கறுத்துவிடுகிறது. ஏன்?

பதில்: கேமராவின் ஒளிமானி கண்ட வெள்ளையையெல்லாம் சாம்பலாக்கப் பார்க்கும். தட்டி சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்தால் முகம் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சம் பாதியான அளவுக்கு, இருண்டுவிடும். மாநிறமும் கறுப்பும் இன்னும் அடிபடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வையுங்கள், அல்லது ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் கன்னத்தை அளந்துகொள்ளுங்கள். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுத்தால் தட்டியின் வெண்மையைப் பிறகு கொஞ்சம் இறக்கலாம்.

அதே தட்டி உங்களுக்கு உதவவும் செய்யும். உச்சிவெயிலில் அதை மார்பளவில், சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்திருப்பவரைத் தேடுங்கள். வெளிச்சம் அதில் பட்டு மோவாய்க்கும் கண்குழிக்கும் ஏறும். காசில்லாத ரிஃப்ளெக்டர். மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை என்றால் அதே நிறம் கழுத்தில் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் பிடித்தால் முகம் நிழலில் போய்விடும். அப்போது முகத்துக்குத்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறோம். தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். “போர் வேண்டாம்” என்று இரண்டு வரியாக எழுதிய தட்டியில் கீழ்வரி முன்னால் நிற்பவரின் தலையால் மறைந்தால், “போர்” மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கும். ஒரே வரியாக இருந்தால் வலது ஓரத்தில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத் தட்டியில் “நோ” முன்னால் வருவதால் ஆபத்து இடது ஓரத்தில். ஷட்டரை அழுத்துமுன் தட்டியை ஒரு முறை வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம்.

கேள்வி: மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் கூட்டத்தில் படம் ஒன்றும் தேறவில்லை. ஃப்ளாஷ் போடலாமா?

பதில்: வேண்டாம். மெழுகுவத்தி வெளிச்சமும் போகும், அங்கிருக்கும் அமைதியும் போகும். முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் ஒரே ஒரு மெழுகுவத்தி இருந்தால் தோராயமாக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400, எஃப் 2, ஷட்டர் 1/60 தேவைப்படும். 85-ஐக் கையில் பிடித்து அந்த வேகத்தில் எடுத்தால் ஆடும். 35 அல்லது 50 போதும். நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 2500–2800 கெல்வினில் நிறுத்துங்கள், சுடரின் மஞ்சள் தங்கும்.

பலருக்கு முகம் பேய்போல வருவதற்குக் காரணம், சுடர் மோவாய்க்கு நேர் கீழே இருப்பது. பக்கத்து ஆளின் மெழுகுவத்தியிலிருந்து பற்றவைக்கக் குனியும் தருணத்துக்குக் காத்திருங்கள். இரண்டு சுடர், பக்கவாட்டு வெளிச்சம், இரண்டு முகங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இங்கே வசதிதான், ஆனால் பக்கத்தில் எல்இடி விளக்கு இருந்தால் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். கோடு தெரிந்தால் மெக்கானிகல் ஷட்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: பேசாமல் வரிசையாக நிற்கும் போராட்டத்தை எப்படி எடுப்பது? எதுவும் நடப்பதில்லையே!

பதில்: நடக்காததுதான் அங்கே செய்தி. 1988-இல் ஜெருசலேமில் தொடங்கிய ‘கறுப்பு உடைப் பெண்கள்’ இயக்கம் இன்றும் இப்படித்தான் நிற்கிறது. 85-ஐப் பையிலிருந்து எடுத்து மாட்ட வேண்டிய இடம் இதுதான். வரிசையின் ஒரு முனையில் நின்று நீளவாக்கில் பாருங்கள்; முகங்கள் அடுக்கடுக்காக நெருங்கும். முதல் முகத்தில் அல்ல, இரண்டாவது அல்லது மூன்றாவது முகத்தில் ஃபோகஸ் வையுங்கள், எஃப் 4. யாராவது ஒருவர் வரிசையிலிருந்து தலை திருப்பும் வரை அசையாமல் நில்லுங்கள். அவர்கள் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள், நீங்கள் இருபது நிமிடம் நிற்கலாம்.

கேள்வி: கறுப்பு வெள்ளையாக மாற்றினால் படத்துக்குக் கனம் கூடுகிறதே?

பதில்: 1960-களின் சாயல் கூடுகிறது, கனமா என்பது வேறு விஷயம். அமைதி இயக்கங்களில் நிறம் பல நேரம் அலங்காரம் அல்ல, வாசகம். இத்தாலியில் 1961-இல் பெருஜியா–அசிசி அமைதி நடைப்பயணத்தில் வந்த வானவில் கொடியைச் சாம்பலாக்கினால் வெறும் கோடு போட்ட துணி. பிரிட்டனில் அமைதியை வலியுறுத்தி 1933 முதல் அணியும் வெள்ளைப் பாப்பிப் பூ, போரில் இறந்த வீரர்களின் நினைவாகப் பலரும் அணியும் சிவப்புப் பூவிலிருந்து வேறு என்பதில்தான் அதன் பொருளே இருக்கிறது. நிறத்துக்கு வேலை இல்லாத முகம் என்றால் தாராளமாக மாற்றுங்கள்.

கேள்வி: பொது இடத்தில் எடுத்த படத்தை வெளியிட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியின் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பகுதியின் முதல் கேள்வியையே சட்டமாக்கியதுபோல இருக்கிறது: ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும், ஆனால் கூட்டம், ஊர்வலம் போன்றவற்றின் படங்களில் அதில் கலந்துகொண்டவர்களுக்கு அந்த விதி தளரும். கூட்டத்திலிருந்து ஒரே முகத்தைப் பிரித்தெடுத்தால் அந்தத் தளர்வை நம்ப முடியாது. எந்த நாட்டில் எடுக்கிறீர்களோ அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் அந்த முகம் அவருக்கு வேலையையோ வீட்டையோ பறிக்குமா என்று யோசிக்க வேண்டும். மறைப்பதென்றால் மங்கலாக்குவதோ கட்டம்கட்டமாக்குவதோ போதாது. கறுப்புக் கட்டத்தை முழுசாக வைத்து, புதிய கோப்பாகச் சேமியுங்கள். பச்சை குத்தியதும் சட்டையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அனுப்புமுன் கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நேரத்தையும் நீக்குங்கள். அதைவிட, பின்னாலிருந்தோ கைகளை மட்டுமோ எடுத்துவிட்டால் மறைக்க வேண்டிய வேலையே இல்லை.

கேள்வி: படவிளக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்: யார், எங்கே, எந்தத் தேதி, எதற்கான பேரணி, தட்டியில் இருப்பது வேற்றுமொழி என்றால் அதன் பொருள். பெயர் கேட்டு, அவர் கையாலேயே உங்கள் குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள். ணகர, னகரப் பிழை உங்கள் தலையில் விழாது. பெயர் சொல்ல விரும்பாவிட்டால் “ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்” போதும். அவர் உங்களுக்காக நின்றிருந்தால் “படத்துக்காக நின்றார்” என்று இரண்டே சொல்லில் சேர்த்துவிடுங்கள். “கண்ணில் வேதனையோடு”, “நம்பிக்கையோடு” என்றெல்லாம் எழுத வேண்டாம். வெயில் கண்ணில் அடித்திருக்கலாம்.