ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தாங்கித் தண்ணீரும்

கேள்வி: ரீச்சர், மரத்தில் தொங்கும் தேங்காய்க்கு அழுத்த சக்தி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிஸ்கட் பைக்கற்றிலும் 'சக்தி' என்று போட்டு கிலோகலோரிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? அப்படியென்றால் சோற்றுப் பார்சலை மேல்மாடிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டால் கலோரி கூடுமா? கேட்டதற்குத் தம்பி சிரிக்கிறான்.
- பதினோராம் ஆண்டு மாணவி, உவர்மலை

பதில்: அவன் சிரிக்கட்டும் பிள்ளை, இது நல்ல கேள்வி. இரண்டும் சக்திதான், அலகு மட்டும் வேறு. ஒரு கிலோகலோரி 4184 யூல். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் அழுத்த சக்தி என்பதைத்தான் நீங்கள் நிலையாற்றல் என்கிறீர்கள். 1853இல் ராங்கின் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் வைத்தார்.)

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மட்டையோடு ஒன்றரைக் கிலோ தேங்காய், 20 மீட்டர் உயர மரம். திணிவு, ஈர்வை (புவியீர்ப்பு), உயரம் மூன்றையும் பெருக்கு, ஈர்வையை 10 என்று எடுத்துக்கொள். 300 யூல் வரும். அந்தத் தேங்காய் நிலத்தைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும், அதனால்தான் மரத்தடியில் கதிரை போடாதே என்று வீட்டில் கத்துகிறார்கள். இப்போது பிளேன்ரீக்குப் போடும் சீனியை எடு. ஒரு தேக்கரண்டி 4 கிராம், அதாவது ஏறக்குறைய 16 கிலோகலோரி, யூலில் 67,000. அந்த ஒரு கரண்டிக்குள் இருநூறு தேங்காய் விழுகிற சக்தி!

எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று இருக்கிறது, தரையிலிருந்து ஒரு 6 மீட்டர் உயரம். அதை நிரப்ப மோட்டர் போடுகிற சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். நிரம்பிய பிறகு அந்தத் தண்ணீருக்குள்ள அழுத்த சக்தி 60,000 யூல்தான், சீனிக் கரண்டியை விடக் குறைவு. முதல் தடவை இதைக் கணக்குப் பார்த்தபோது எங்கேயோ ஒரு சைபரை விட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் திருப்பிப் போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

உன் சோற்றுப் பார்சல் 300 கிராம், மேல்மாடி 3 மீட்டர் என்றால் கூடுகிறது 9 யூல், ஒரு கிலோகலோரியில் நானூறில் ஒரு பங்குகூட வராது. அதுவும் உன் உடம்புக்குச் சேராது. நீ படி இறங்கும்போது வயிற்றுக்குள் இருக்கிற சோறும் உன்னோடு இறங்குகிறது, அந்த 9 யூல் உன் காலில் வெப்பமாகப் போய்விடும். சமிபாடு அடைகிற சோற்றுக்கு அது எந்த மாடியில் இருக்கிறது என்பது தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம், இதைத்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தேங்காயின் 300 யூல் தேங்காய்க்குள் இல்லை, உடைத்துத் தேடினாலும் கிடைக்காது. அது தேங்காயும் பூமியும் சேர்ந்த சோடிக்கு உரியது. சீனிக்கும் ஒரு சோடி உண்டு, ஒட்சிசன். 'சீனியில் பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவருகிறது' என்று குறிப்புக் கொப்பியில் எழுதியிருப்பாய், தயவுசெய்து அதை வெட்டிவிடு. பிணைப்பை உடைக்க நாம்தான் சக்தி கொடுக்க வேண்டும். உடைந்த காபனும் ஐதரசனும் ஒட்சிசனோடு இன்னும் இறுக்கமாகச் சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் மாறும்போதுதான், கொடுத்ததை விடக் கூடுதலாகத் திரும்பி வருகிறது. இன்றைக்கு இரவு சாமித்தட்டில் எரிகிற தேங்காய் எண்ணெய் விளக்கை ஒரு கண்ணாடித் தம்ளரால் மூடிப் பார். சுடர் குறுகி, ஒரு இழை புகை விட்டு அணையும். எண்ணெய் அப்படியே இருக்கும், ஆனால் எரிவதற்குப் போதிய ஒட்சிசன் உள்ளே இல்லை.

சிரட்டையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதுவும் நன்றாக எரியும், அந்தக் காலத்து ஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சிரட்டைக் கரிதான் போட்டோம். ஆனால் நம் குடலால் அதைப் பிரிக்க முடியாது. அதனால் எரித்து அளந்தால் வரும் சக்தி வேறு, நமக்குக் கிடைக்கும் கலோரி வேறு.

கேள்வி: கெற்றப்போல் இறப்பரை இழுத்தால் அழுத்த சக்தி சேர்கிறது என்கிறார்கள். வளைத்த வில்லிலும் அதே கதையா?
- கிண்ணியா வாசகர்

பதில்: கல் பறக்கிற வரைக்கும் கணக்கு ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு. வளைந்த மூங்கிலில் அணுக்களுக்கு இடையிலான தூரம் சற்று மாறிச் சக்தி சேர்கிறது. இறப்பரில் சிக்குப்பட்ட நூல்போலக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் இழுக்கும்போது நேராகின்றன, விட்டதும் பழைய சிக்குக்கே திரும்பப் பார்க்கின்றன. ஒரு தடித்த இறப்பர் வளையத்தைச் சடாரென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடி சற்று நேரம் வைத்திருந்து தளர்த்திவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள், குளிரும்.

கேள்வி: கோணேசர் கோயில் மலையில் நிற்கிறேன், கால் நிலத்தில்தான் இருக்கிறது. என் உயரம் சைபரா? கீழே கடல் இருக்கிறதே?
- உப்புவெளி மாணவன்

பதில்: சைபர் எங்கே என்று நீதான் முடிவு செய்ய வேண்டும், தம்பி. கையில் 50 கிராம் தேசிக்காய் இருக்கிறது என்று வை. அது காலடியில் விழுந்தால் உயரம் 1 மீட்டர், அரை யூல். இராவணன் வெட்டுப் பக்கம் உருண்டு கடலுக்குப் போனால், கணக்குக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 50 யூல். ஒரே தேசிக்காய்க்கு இரண்டு விடை, இரண்டும் சரி. பரீட்சையில் மட்டும் எந்த மட்டத்திலிருந்து அளந்தாய் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு, அதை விட்டால் புள்ளி குறைப்பார்கள்.