குழந்தைகளுக்கென்று தரும் பணம் எங்கே போகிறது? அஞ்செட்டி பக்கத்திலிருந்து சில பதில்கள்

பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் ஒரு டிரஸ்டில் களப்பணி செய்கிறேன், பதினோரு வருடமாகிறது. நன்கொடை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஓசூர் வாசகர்: மாதம் 800 ரூபாய் கட்டி ஒரு பெண் குழந்தையை ஸ்பான்சர் செய்கிறேன். பணம் அவளுக்கே போகிறதா?

பெரும்பாலும் அவள் கைக்குப் போகாதுங்க. பெரிய அமைப்புகள் பலவும் எல்லோர் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து அந்த ஊருக்கே செலவு செய்கின்றன. சேரும்போது தந்த தாளில் இருக்கும், எடுத்துப் படியுங்கள். இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், ஏன் என்று சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான், எங்கள் மலைக்கிராமங்களில் பெண்பிள்ளைகள் நின்றுபோவதும் எட்டாவதோடுதான், அடுத்து கல்யாணப் பேச்சு. அப்படி நின்ற ஒருத்திக்கு முதலில் பையும் சைக்கிளும் வாங்கித் தந்தோம். யானை நடமாடுகிற காட்டுவழியில் எப்படித் தனியாக அனுப்புவேன் என்று அவள் அம்மா கேட்டார். சைக்கிள் திண்ணையோரமே நின்றது. மறுவருடம் பணத்தைச் சேர்த்து ஊருக்கு ஒரு வேன் பேசினோம், ஒன்பது பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: நிர்வாகச் செலவு எவ்வளவு இருக்கலாம்?

வெளிநாட்டு நன்கொடை என்றால், அதற்கான சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்கிற ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அதை வெட்டினால் நோட்டுப்புத்தகம் கொடுத்துப் படம் எடுப்பதுதான் மிஞ்சும். தணிக்கை அறிக்கை கேளுங்கள், இந்த வருடம் எந்த ஊரில் என்ன மாறியது என்றும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

தருமபுரி அக்கா: பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடலாமா?

தாராளமாக, அக்கா. 2015 சிறார் நீதிச் சட்டப்படி அந்த இல்லம் பதிவானதா என்று முதலில் பாருங்கள். பிள்ளைகளை நிற்கவைத்து எடுத்த படத்தை மட்டும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அடையாளம் வெளிவருவதை அந்தச் சட்டமே தடுக்கிறது, பிள்ளைகளுக்கும் அது வலிக்கும்.

அரூர் வாசகர்: வரிக்கழிவு?

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு கிடையாது, வங்கி வழியே அனுப்புங்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை.

பாலக்கோடு கல்லூரி மாணவர்: என்னிடம் பணம் இல்லை.

சரி தம்பி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போனில் பதிந்துகொள். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தால் உடனே கூப்பிடு. போன வைகாசியில் யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட்டதால் கோயிலில் நடக்கவிருந்த ஒரு கல்யாணம் முந்தின நாளே நின்றது. அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள்.