முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

கேள்வி: பழைய ரோமானிய வெண்கலக் காசுகளில் முன்பக்கம் பேரரசர் தலை, பின்பக்கம் பெரும்பாலும் ஒரு பெண். எல்லாக் காசிலும் ஒரே பெண் மாதிரித் தெரிகிறதே, யார் அவள்?

பதில்: ஒருத்தி இல்லை, பல பேர். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது, கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். கப்பல் சுக்கானும் பழம் நிரம்பி வழியும் கொம்பும் இருந்தால் ஃபோர்ச்சுனா, அதிர்ஷ்ட தேவதை. யார் வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவள் இஷ்டம், அதனால்தான் சுக்கான். ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், சமாதானம். தானியக் கதிரும், பக்கத்தில் மரக்கால் மாதிரி ஓர் அளவுப் பாத்திரமும், சில சமயம் கப்பல் முனையும் இருந்தால் அன்னோனா, தானிய வரத்து. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வரும் தானியத்தை நம்பித்தான் ரோம் நகரமே சாப்பிட்டது, ஆகவே 'உங்கள் சோற்றுக்கு நான் பொறுப்பு' என்று பேரரசர் சொல்லும் வழி இது. தராசு வந்தால்தான் தகராறு. நேர்மையின் தேவதை ஈக்விட்டாஸ், காசடிப்பின் தேவதை மொனேட்டா இருவருமே அதைப் பிடித்திருப்பார்கள், ஓரத்து எழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

அப்புறம், வெண்கலம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக்குப் பிறகு வந்த பெரிய செஸ்டெர்ஷியஸ் காசு உண்மையில் பித்தளை.

கேள்வி: போர் வெற்றிகளையும் காசில் போட்டார்களா?

பதில்: போடாமலா! கி.பி. 70-இல் யூதர்களின் நாடான யூதேயாவில் ஜெருசலேம் ரோமானியரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே பேரரசர் வெஸ்பாசியன் காசில் ஒரு பேரீச்ச மரம், அதன் கீழே தலையில் கைவைத்து அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண், 'யூதேயா பிடிபட்டது' என்ற எழுத்து. தோற்றவர்கள் தினமும் அந்தக் காசைக் கையில் தொட வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது இன்றைய பிரான்சின் நீம் நகரத்தில் அகஸ்டஸ் காலத்தில் அடித்த காசு: பனைக் கிளையில் சங்கிலி போட்டுக் கட்டிய முதலை. எகிப்து அடங்கிவிட்டது என்று அர்த்தம், ஒரு சிப்பாய்கூடப் படத்தில் இல்லை.

கேள்வி: அவர்களும் பூவா தலையா போட்டார்களா?

பதில்: போட்டார்கள், ஆனால் 'தலையா கப்பலா' என்று. பேரரசர்களுக்கு முந்தைய குடியரசுக் காலத்து 'ஆஸ்' காசில் ஒரு பக்கம் இரட்டை முகக் கடவுள் ஜானஸ், மறுபக்கம் கப்பலின் முனை. பிற்காலத்தில் அந்தக் கப்பல் காசை விட்டே போய்விட்டது, பையன்கள் மட்டும் கப்பல் என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள்.