சாவியும் கையெழுத்தும்

ஐயா, வணக்கம்.

கும்பகோணத்தில் நாற்பது வருடமாகப் பாத்திரக் கடை நடத்துகிறேன். வயது 67. போன ஆயுத பூஜை அன்று கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டேன். ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை, பத்து மணிக்கெல்லாம் கடைக்குப் போய்விடுகிறேன். சென்ற வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம், பெண்ணுக்கான சீர்ப் பாத்திரங்களைக் கடனாக எடுத்துப் போகச் சொன்னேன். "கடையை என்கிட்ட கொடுத்தீங்களா இல்லையாப்பா?" என்று எல்லோர் முன்னாலும் மகன் கேட்டுவிட்டான். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. மாதக் கணக்கைத் திருச்சியில் இருக்கும் மகள்தான் பார்த்துத் தருகிறாள். அவளும் தம்பி பக்கம்தான். நான் செய்தது தப்பா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நாலு பேர் முன்னால் கேட்டது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் அவர் கேட்டதற்கு உங்கள் கடிதத்திலும் பதில் இல்லை. ஜிஎஸ்டி பதிவு யார் பெயரில்? காசோலையில் யார் கையெழுத்து? சாவியைப் பற்றி எழுதிய நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் அப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். 2018இல் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் பதினாறு வருடம் கடையில் கூடவே இருந்தவன். கம்பியைக் கையில் எடுத்தாலே எத்தனை எம்எம் என்று சொல்லிவிடுவான். ஆனால் கடை அப்பாவின் தனி உரிமை. விஷயம் தெரிந்ததும் வங்கி கணக்கை நிறுத்தியது. சரக்குக்காரர்களுக்கு அப்பா கொடுத்திருந்த காசோலைகள் திரும்பி வந்தன. அவருடைய ஜிஎஸ்டி எண் அவர் பான் எண்ணோடு சேர்ந்தது, மகன் பெயருக்கு மாறாது. அண்ணன் தன் பெயரில் புதிதாகப் பதிந்து, சரக்கு வாங்கும்போது அப்பா கட்டிய வரியில் கழித்துக்கொள்ள மீதமிருந்ததைத் (உள்ளீட்டு வரி) தன் எண்ணுக்கு மாற்ற ஐடிசி-02 படிவம் போட்டு, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தான். யாரிடம் எவ்வளவு பற்று என்பதில் பாதி அப்பாவின் தலையில்தான் இருந்தது. அந்தப் பணம் வரவே இல்லை. "இத்தனை வருஷம் நான் யார் கடையில் வேலை பார்த்தேன்?" என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான் உங்கள் மகனின் கேள்வி எனக்குத் துடுக்காகப் படவில்லை.

1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் குடும்பமே 2020 டிசம்பரில் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டது: குடும்பத்தின் எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ, அதன் உடைமையும் அந்தக் கிளைக்கே. நடத்துவது ஒருவர், உடைமை இன்னொருவர் என்று இருந்ததைச் சரிசெய்தார்கள். உங்கள் கடைக்கும் இது பொருந்தும்.

ஆடிட்டரிடம் போங்கள். ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதுங்கள். மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கைப் பார்ப்பவர் அவர், உரிமையும் உள்ளவர். இரண்டே பேர் என்றால் ஒருவர் மறைவோடு பார்ட்னர்ஷிப்பே முடிந்துவிடும். மூன்று பேர் இருந்து, ஒருவர் போனாலும் தொடரும் என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் அந்தப் பயம் இல்லை. புது பான், புது ஜிஎஸ்டி என்று கொஞ்சம் அலைச்சல்தான். நீங்கள் நன்றாக இருக்கும்போதே அலைந்துவிடுங்கள். காசோலையில் மகன் தனியாகக் கையெழுத்துப் போடட்டும்.

கடைக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த வீட்டுக் கடன் அறுவடை முடிந்ததும் தானாக வரும், நாச்சியார்கோவிலில் எந்தப் பட்டறை விளக்கு எடை சரியாக இருக்கும், பழைய பித்தளையில் எதை என்ன விலைக்கு எடுக்கலாம் என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் வராது. சாயங்காலம் ஒரு மணி நேரம் மகனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். இன்னாருக்குக் கடன் தரலாம் என்று அவர் காதில் சொல்லுங்கள், வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவர் அவர்.

அப்புறம், அந்தச் சீர்ப் பாத்திரக் கடன். கல்யாணம் முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். "இனிமேல் எதுவானாலும் இவனிடம் பேசுங்கள்" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.