தொழில் தொடங்க விரும்புவோருக்கு டிசைன் திங்கிங்கும் வணிகத் திட்டமும் எப்படிக் கற்பிப்பது?

கேள்வி கேட்டவர் ஒரு கல்லூரியின் வணிகவியல் ஆசிரியர். தொழில்முனைவோர் மேம்பாட்டு மையப் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. ஐந்து நாள் பயிற்சி. இறுதியாண்டு மாணவர்களோடு சுற்றுவட்டாரத்துப் பெண்களும் வருகிறார்கள். முதல் இரண்டு நாள் டிசைன் திங்கிங் (பயனாளரின் தேவையைப் புரிந்துகொண்டு தீர்வைச் செய்து சோதிக்கும் முறை), அடுத்த மூன்று நாள் பிசினஸ் பிளான் என்று பிரித்துக்கொள்ளலாமா என்பது அவர் சந்தேகம்.

பிரிக்காதீர்கள் ஐயா. பிரித்தால் முதல் இரண்டு நாள் விளையாட்டாகவும், மீதி மூன்று நாள் கணக்குப்பிள்ளை வேலையாகவும் முடிந்துவிடும். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதே யாருக்கும் தெரியாது. எனக்கும் பல வருடம் தெரியவில்லை.

நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் பதினொரு வருடம் இருந்துவிட்டுப் பயிற்சியாளன் ஆனவன். அந்தப் பதினொரு வருடத்தில் என் மேசைக்கு வந்த திட்ட அறிக்கைகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பேக்கரி, பேவர் பிளாக், பினாயில், பாக்குமட்டைத் தட்டு, எதுவாக இருந்தாலும் உற்பத்தித் திறன் பயன்பாடு, அதாவது இயந்திரத்தின் முழுத் திறனில் பயன்படுத்தும் அளவு, முதல் ஆண்டு 60 சதவீதம், இரண்டாம் ஆண்டு 70, மூன்றாம் ஆண்டு 80. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் இதேதான். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ எழுதி வைத்ததை ஊர் ஊராகப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். பல அறிக்கைகளை எழுதுபவர் தொழில் தொடங்குபவரே அல்லர். இயந்திரம் விற்பவர் கொட்டேஷனோடு சேர்த்து அறிக்கையையும் இலவசமாகக் கொடுத்துவிடுவார். ஒருமுறை ஊதுவத்தித் தொழிலுக்கான அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் "தட்டுகளுக்கான கிராக்கி" என்று இருந்தது. பெயரை மாற்றியவர் அந்த இடத்தில் மாற்ற மறந்துவிட்டார். கடன் வாங்க வந்த தம்பிக்கும் அது தெரியவில்லை, அவர் படிக்கவே இல்லை.

டிசைன் திங்கிங்கும் நம்மூரில் அதே பாட்டைத்தான் படுகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் பரப்பிய ஐந்து படிகள் இன்று எல்லாப் பயிற்சி அரங்குகளின் சுவரிலும் இருக்கின்றன: பயனாளரின் இடத்திலிருந்து பார்ப்பது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது. சொல்லில் குறை இல்லை. ஆனால் நாம் நடத்தும் விதம் என்ன? மஞ்சள், பச்சை ஒட்டுத்தாள்கள் வாங்கி, ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா கொடுத்து, குளிரூட்டப்பட்ட அறைக்குள்ளேயே உட்கார்ந்து "வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?" என்று நமக்கு நாமே எழுதி ஒட்டுகிறோம். என் முதல் வகுப்பில் நானும் அப்படித்தான் செய்தேன். சுவர் பார்க்க அழகாக இருந்தது. புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, அந்த வகுப்பிலிருந்து ஒருவர்கூட ஒரு ரூபாய்க்கு எதையும் விற்றிருக்கவில்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. வணிகத் திட்டத்தில் எந்த எண்ணை எழுதினாலும், அதன் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். "ஒரு நாளைக்கு 100 கிலோ விற்கும்" என்றால், யார் சொன்னது? எந்தக் கடை, எந்தத் தெரு, எந்தக் கிழமை? பெயர் இல்லாத எண்ணை நான் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்த விதி வந்தவுடன் பயனாளரைப் போய்ப் பார்ப்பதும் கணக்குப் போடுவதும் தாமாகவே ஒன்றாகிவிட்டன. தெருவுக்குப் போகாமல் திட்டத்தின் முதல் பக்கத்தையே நிரப்ப முடியாது.

வகுப்பில் இதை விளக்க நான் எடுப்பது கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதையை. மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தார், 2016இல் பத்மஸ்ரீ பெற்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் நிறுத்தி நிதானமாகச் சொல்வது நடுவில் நடந்த ஒரு சங்கதியை. வீட்டுப் பெண்கள் அவர் செய்த நாப்கினைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகள் கூச்சப்படமாட்டார்கள் என்று நம்பி அவர்களிடம் நாப்கின்களைக் கொடுத்து, கருத்துப் படிவங்களையும் கொடுத்தார். திரும்ப வாங்கப் போன நாளில் பார்த்தால், மூன்று பெண்கள் உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! அந்தப் படிவங்களை நம்பியிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறகுதான் கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு சோதித்தார். ரத்தத்தைக் கேட்டு வகுப்பு முகம் சுளிக்கும். எனக்கு முக்கியம் அந்த மூன்று பெண்கள்தான். உங்கள் கல்லூரி மாணவர்கள் கொண்டுவரும் கூகுள் படிவக் கணக்கெடுப்புகளில் பாதி இப்படி விடுதி அறையில் நிரம்பியவை. நீங்கள் ஆசிரியர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, களத்தில் என்ன செய்யச் சொல்வது? ஒரு பங்கேற்பாளரின் கதையைச் சொல்கிறேன். வேடசந்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். நூற்பாலையில் வேலை பார்த்து நின்றவர். இட்லி, தோசை மாவு அரைத்து விற்க வேண்டும் என்று வந்தார். கையில் தயார் அறிக்கை இருந்தது: சாய்க்கும் வகைப் பெரிய கிரைண்டர், பாக்கெட் போடும் இயந்திரம், ஒரு நாளைக்கு 100 கிலோ. நான் அவரை மாலையில் ஒரு மளிகைக் கடை வாசலில் மூன்று மணி நேரம் நிற்கச் சொன்னேன். "சும்மா நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார் சார்?" என்றார். கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மூன்று மணி நேரத்தில் பதினேழு பேர் மாவு வாங்கியிருந்தார்கள். அதில் பன்னிரண்டு பேர் மில் வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள். ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டு, "அரைக் கிலோ இல்லையா அண்ணா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வேறு மூன்று பேர் ரவை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு பேர் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தார்கள். உப்பியிருந்தால் புளித்திருக்கும் என்று கணக்கு. யாரும் எந்த கம்பெனி என்று பார்க்கவில்லை. அவர் எழுதியிருந்த கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது: "கடைக்காரர் ராத்திரி மீந்த பாக்கெட்டை ஒரு டப்பாவில் போட்டார். ஏன் என்று கேட்டேன். கம்பெனி ஆள் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றார்."

வணிகத் திட்டம் அந்த டப்பாவிலிருந்துதான் தொடங்கியது. கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நான்கு கிலோ இட்லி அரிசி 45 ரூபாய் வீதம் 180. ஒரு கிலோ உளுந்து 130. வெந்தயம், உப்பு 10. மொத்தம் 320 ரூபாய்க்குச் சுமார் 13 கிலோ மாவு. கிலோவுக்கு ஏறக்குறைய 25 ரூபாய். மின்சாரம், கவர், வண்டிச் செலவு ஏழு ரூபாய் சேர்த்தால் 32. கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுக்கலாம். கிலோவுக்கு எட்டு ரூபாய்; 100 கிலோவுக்கு 800 ரூபாய் லாபம். அறிக்கையும் அதைத்தான் சொன்னது.

இப்போது டப்பாவைக் கணக்கில் சேருங்கள். நூறு பாக்கெட்டில் 15 திரும்பினால் வரவு 3,400, செலவு 3,200. லாபம் 200. இருபது திரும்பினால் பூஜ்யம். இதில் அவருடைய உழைப்புக்குக் கூலி இல்லை, கடன் தவணை இல்லை. கடைக்காரர் வாரம் ஒருமுறைதான் பணம் கொடுப்பார் என்பதையும் அவரே கேட்டு வந்திருந்தார். அப்படியானால் நாளைக்கு 3,200 வீதம் ஏழு நாளில் 22,400 ரூபாய் வரை கடைகளில் முடங்கிக் கிடக்கும். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், என்ற சொல்லை நான் ஆறு வருடமாகப் படம் போட்டு விளக்கியும் புரியாத வகுப்புக்கு அன்று பத்து நிமிடத்தில் புரிந்தது. பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "அப்போ நம்ம காசுல அவரு கடை நடத்துறாரா?" என்று கேட்டார். சரியான வரையறை.

மாதிரி செய்து பார்ப்பது என்ற படிக்கு அவருக்குத் தேவைப்பட்டது வீட்டிலிருந்த சாதாரண கிரைண்டர் மட்டுமே. பத்துக் கிலோ அரைத்து, அரைக் கிலோ கவர்களாகப் போட்டு, மில் வண்டி நிற்கும் இடத்தில் ரொக்கத்துக்கு விற்றார். முதல் நாள் எட்டுக் கவர் மீந்தது. மறுநாள் காலை அந்தப் புளித்த மாவில் குழிப்பணியாரம் ஊற்றி அதே இடத்தில் விற்றார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மீந்த மாவை நம் பெண்கள் எந்தக் காலத்தில் கொட்டியிருக்கிறார்கள்? இப்போது ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கிலோ விற்கிறார். பெரிய கிரைண்டர் இன்னும் வாங்கவில்லை. வெற்றிக் கதையாக மேடையில் சொல்ல இது போதாதுதான். ஆனால் அவர் கடனாளி ஆகவில்லை.

கேள்வி கேட்கும் முறையைத் தனியாகப் பழக்க வேண்டும். நம் ஊரில் முகத்துக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். விவசாயிகளுக்குச் செயலி செய்ய வந்த ஒரு பொறியியல் மாணவர் நாற்பது பேரிடம் "இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டு, நாற்பது பேரும் ஆம் என்றார்கள் என்று பூரித்துப்போய் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. "ஆகட்டும் தம்பி, நல்லது செய்யுங்கள்" என்பது வாழ்த்து. கொள்முதல் ஆணை அன்று. அதனால் என் வகுப்பில் "வாங்குவீர்களா?", "பிடித்திருக்கிறதா?" இரண்டுக்கும் தடை. கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், அது கிடைக்காத அன்று என்ன செய்தீர்கள் என்று நடந்ததை மட்டும் கேட்கலாம். பிறகு முன்பணம் கேட்க வேண்டும், பத்து ரூபாயாவது. அந்த மாணவர் இரண்டாம் முறை போனபோது பத்து ரூபாய் கொடுத்தவர்கள் இரண்டு பேர். பாவம், சோர்ந்துபோனார். அந்த இரண்டு பேரிடம் மட்டும் இன்னும் நான்கு முறை போகச் சொன்னேன்.

சிக்கலை வரையறுப்பது என்ற படிக்கு எம்ப்ரேஸ் என்ற கருவி பிறந்த கதை உதவும். ஸ்டான்போர்டு மாணவர்கள் 2007இல் குறைமாதக் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர் (குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டி) செய்யப் பணிக்கப்பட்டார்கள். நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெகு தொலைவில், கிராமத்து வீடுகளில் பிறப்பது தெரிந்தது. விலை குறைந்த பெட்டி செய்வதை விட்டு, மின்சாரம் தொடர்ந்து தேவைப்படாத, குழந்தையைச் சுற்றி வைக்கும் வெப்பப் பை செய்தார்கள். இதை ஐந்து நிமிடத்துக்கு மேல் சொல்லாதீர்கள். தூரதேசக் கதைகள் கேட்கச் சுகமாக இருக்கும், அதுதான் ஆபத்து.

மானியத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது, ஏனென்றால் உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருவார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிப்பவரின் பிரிவையும் தொழில் நடக்கும் இடத்தையும் பொறுத்து திட்ட மதிப்பில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். மதிப்பு பெரிதானால் மானியமும் பெரிது. உடனே என்ன நடக்கும்? இரண்டு லட்சத்தில் முடியும் தொழில் தாளில் பத்து லட்சமாக வளரும். அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும், அதுவும் தொழில் நடந்தால்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிலர் மறுநாள் வரமாட்டார்கள். வராமல் இருப்பதே நல்லது.

தொழிலின் வாடிக்கையாளர், வரவு, செலவு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் ஆஸ்டர்வால்டரின் ஒன்பது கட்டத் தாளைக் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம், மூன்றாம் நாள். முதல் நாளே கொடுத்தால் கட்டங்களை நிரப்புவதே தொழில் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் நாள் கேள்வி கேட்கும் பழக்கமும் மாலையில் தெருவும். இரண்டாம் நாள் முழுக்க வெளியில். மூன்றாம் நாள் கட்டத் தாள், கணக்கு. நான்காம் நாள் மாதிரியோடு போய் விற்பது. ஐந்தாம் நாள் ஒரு வங்கி மேலாளரைக் கூப்பிடுங்கள், ஆனால் உரையாற்ற விடாதீர்கள். அறிக்கைகளைக் கையில் கொடுத்துக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. இரண்டாம் நாள் மதியம் யாரும் வளாகத்தில் இருக்கமாட்டார்கள் என்று சாப்பாடு சொல்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதல்முறை நான் நாற்பது சாப்பாடு சொல்லியிருந்தேன். வந்து சாப்பிட்டவர்கள் ஆறு பேர். மீதிப் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பின்வரிசை அக்கா கேட்டார்: "நாற்பதுன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"